டெல்டா வீட்டுக்கு எந்தக் கூரை: ஓடா, மெட்ராஸ் டெரஸா, ஃபில்லர் ஸ்லாபா?

மன்னார்குடி, திருவாரூர்ப் பக்கத்துக் களிமண் ஐப்பசி அடைமழையில் உப்பும். சித்திரையில் வெடிப்பு விடும். அதன் மேல் நிற்கும் வீடும் கொஞ்சம் அசையத்தான் செய்யும். ஆகவே இங்கே கூரைக்கு முதலில் பார்க்க வேண்டியது எடை, குளிர்ச்சி அடுத்ததுதான்.

இந்த மூன்றில் ஓடுதான் எடை குறைவு. மங்களூர் ஓடு சதுர மீட்டருக்குச் சுமார் 15 பிடிக்கும். 45 கிலோ அளவுதான், மரச்சட்டம் தனி. 5 அங்குலக் கான்கிரீட் தளமோ 300 கிலோவைத் தாண்டும். அஸ்திவாரம் ஒரு மூலையில் சற்று இறங்கினால் ஓடு நகர்ந்து கொடுக்கும்; கான்கிரீட் தளம் சுவரோடு சேர்ந்து விரிசல் விடும். ஓட்டின் சாய்மானத்தை 30 பாகைக்குக் குறைக்காதீர்கள். குறைந்தால் சாரல் இடுக்கில் ஏறி, ஓட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டமான ரீப்பரை நனைக்கும்; ரீப்பர் உளுத்தால் ஓடு வரிசையாகச் சரியும். நாட்டு ஓட்டை அடுக்கடுக்காக வேய்வதால் இன்னும் குளிர்ச்சி. ஆனால் ஆண்டுதோறும் புரட்டாசிக்குள் பிரித்து அடுக்க வேண்டும். அந்த வேலை தெரிந்த ஆட்கள் அருகி வருகிறார்கள். குரங்கு நடமாடும் ஊரில் இரண்டு ஓடுமே தொல்லை.

ஓட்டின் பெரிய எதிரி காற்று. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தபோது ஏராளமான வீடுகள் கூரையை இழந்தன. இறவாரத்து (கூரையின் கீழ் விளிம்பு) மூன்று வரிசைகளையும் முகட்டு வரிசையையும் துத்தநாகம் பூசிய கம்பியால் ரீப்பரோடு கட்டுங்கள். ரீப்பரைத் தாங்கும் சாய்மரங்களான கைமரங்களை இரும்புப் பட்டையால் சுவர்த்தலைச் சட்டத்தோடும், அந்தச் சட்டத்தை போல்ட்டால் சுவரோடும் பிணைப்பது கட்டாயம். ஓட்டை மட்டும் கட்டிவிட்டுக் கைமரத்தை விட்டால், காற்று மொத்தக் கூரையையும் தூக்கும்.

மெட்ராஸ் டெரஸ் அழகானது. கோடையில் உள்ளே நன்றாகவே இருக்கும். தேக்கு உத்திரங்களின் மேல் அச்சுக்கல்லை (சிறிய, மெல்லிய செங்கல்) சாய்கோணமாக நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தில் பதித்து, மேலே செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புக் கலவை போட்டு, தட்டோடு (தட்டையான ஓடு) பாவுவார்கள். கலவை 32 பங்கு ஜல்லிக்கு 12½ பங்கு நீற்றிய சுண்ணாம்பு. சுண்ணாம்பு முழுதாக நீறாவிட்டால் பின்னால் கொப்பளித்து வெடிக்கும். கலவையை அடித்து இறுக்காவிட்டால் ஒழுகும். உத்திரத்தின் முனை ஈரச் சுவருக்குள் இருந்தால் கரையான் அங்கேதான் தொடங்கும். புதுத் தேக்கின் விலையை நினைத்தால் புது வீட்டுக்கு இதைச் சொல்ல மனம் வரவில்லை. பழைய வீட்டில் இருப்பதை இடிக்காமல் செப்பனிடுங்கள்.

கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பரவலாக்கிய ஃபில்லர் ஸ்லாபில், கான்கிரீட் தளத்தின் கீழ்ப்பகுதியில் இழுவிசையைக் கம்பிதான் தாங்குகிறது. அங்குள்ள கான்கிரீட்டில் பெரும்பகுதி வெறும் சுமை. அந்த இடத்தில் இரண்டு மங்களூர் ஓடுகளை வாயோடு வாய் வைத்து நிரப்பினால் கான்கிரீட் சுமார் ஐந்தில் ஒரு பங்கு மிச்சம்; நடுவே அடைபடும் காற்று வெப்பத்தையும் தடுக்கும். ஓடுகளுக்கு இடையே 4 அங்குலம் விட்டு, கம்பிகளை அந்த இடைவெளியில் ஓட்ட வேண்டும். சுவரை ஒட்டி ஓர் அடிக்கு ஓடே வேண்டாம். ஓட்டை முன்கூட்டியே ஊற வைக்காவிட்டால் கான்கிரீட்டின் தண்ணீரை உறிஞ்சிவிடும்; ஜோடியின் ஓரத்தைச் சாந்தால் அடைக்காவிட்டால் சிமென்ட் பால் உள்ளே நிரம்பி, காற்றறை வைத்ததே வீணாகும். மின்விசிறிப் பெட்டி இடைவெளியில்தான் வர வேண்டும் என்பதால் வயரிங் வரைபடம் முதலிலேயே தேவை.

கும்பகோணம், தஞ்சாவூர்ப் பக்கம் அறைகளுக்கு ஃபில்லர் ஸ்லாபும், திண்ணைக்கும் முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்துக்கும் ஓடும் போடலாம் என்பதே எங்கள் தீர்ப்பு. உப்புக்காற்று வீசும் கடலோரத்தில் ஃபில்லர் ஸ்லாப் வேண்டாம். அங்கே கம்பிக்குக் கீழே 45 மி.மீ. கான்கிரீட் மூட வேண்டும். ஓடு வைத்தபின் அதற்கு இடம் போதாது. சாதாரணத் தளமே போட்டு மேலே சுருக்கியும் (செங்கல்தூள் சேர்த்த சுண்ணாம்புக் கலவை) தட்டோடும் பாவலாம்.

முற்றத்து ஓட்டுச் சரிவுகள் சந்திக்கும் கூடல்வாயில்தான் முதல் ஒழுகல் வரும். அங்கே ஓட்டுக்கு அடியில் ஒன்றரை அடி அகல அலுமினியத் தகட்டை மேலிருந்து கீழ் வரை ஒரே துண்டாகப் போடுங்கள்.