மனிதப் புவியியல் புரிந்ததா, மனப்பாடமா? எந்த வகை வினா எதைக் காட்டிக்கொடுக்கும்

‘மக்களடர்த்தியை வரையறு’ என்று கேட்டால், ‘ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் வாழும் மக்களின் எண்ணிக்கை’ என்று பிசகில்லாமல் எழுதிவிடுவார்கள். அதே பிள்ளைகளிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: எகிப்தில் அடர்த்தி 2017 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 95, தமிழ்நாட்டில் 2011 கணக்கெடுப்பின்படி 555. அப்படியானால் எகிப்தில் நிலத்துக்கு நெருக்கடி இல்லையா? பலரும் ‘இல்லை’ என்றே தலையாட்டுவார்கள். எகிப்தில் பயிர் விளைகிற நிலம் நாட்டின் பரப்பில் நூற்றுக்கு நான்கு பங்குதான் தேறும் என்பதும், மற்றதெல்லாம் பாலைவனம் என்பதும், அதை நீக்கிவிட்டு வகுத்தால் அந்த 95 எங்கேயோ 2,400 பக்கம் போய் நிற்கும் என்பதும் அவர்களுக்குத் தோன்றாது.

மனிதப் புவியியலின் தொல்லையே இதுதான். அடர்த்தி, நகரம், இடப்பெயர்வு எல்லாம் தினமும் காதில் விழுகிற சொற்கள். புரியாத பிள்ளைக்கும் புரிந்துவிட்ட மாதிரியே இருக்கும். கேள்வித்தாளும் சரியாக அமையாவிட்டால் ஆசிரியருக்கும் அப்படியே தோன்றும். மேல்நிலை வகுப்புகளில் வழக்கமாகக் கையாளும் வினா வகைகளில் எது இந்த மேற்பூச்சை உரிக்கிறது, எது அதன் மேலேயே இன்னொரு பூச்சு அடிக்கிறது என்று பார்ப்போம்.

ஒரு மதிப்பெண் வினா

‘சரியான விடையைத் தேர்ந்தெடு’ என்றாலே மனப்பாடம் என்று ஒரு இளக்காரம் உண்டு. அது பாதிதான் உண்மை. ‘மக்கள்தொகை மாற்றக் கோட்பாட்டின் இரண்டாம் கட்டத்தின் பண்பு எது?’ என்று கேட்டால் புத்தகத்தின் வரிதான் விடையாக வரும். பிறப்பு, இறப்பு வீதங்கள் கட்டம் கட்டமாகக் குறைவதைச் சொல்லும் அதே கோட்பாட்டை இப்படியும் கேட்கலாம்:

ஒரு நாட்டில் ஆயிரம் பேருக்குப் பிறப்பு 30லிருந்து 18 ஆகக் குறைந்தது. இறப்பு 7 ஆகவே இருந்தது. குடிவரவும் குடியகல்வும் இல்லை. மக்கள்தொகை என்ன ஆகும்?
அ) குறையும் ஆ) மாறாது இ) கூடும், முன்பைவிட மெதுவாக ஈ) கூடும், முன்பைவிட வேகமாக

விடை இ. ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 23 பேர் கூடிக்கொண்டிருந்த இடத்தில் இனி 11 பேர் கூடுவார்கள். பிறப்பு குறைந்தால் மக்கள்தொகையே குறையும் என்று நினைப்பவர் ‘அ’ பக்கம் போவார். இந்தப் பாடத்தில் அடிக்கடி நடக்கிற தவறு அதுதான். வினாவின் உயிர் சரியான விடையில் இல்லை, தவறான மூன்றில் இருக்கிறது. அந்த மூன்றையும் பிள்ளைகள் முன்பு எழுதிய விடைத்தாள்களிலிருந்து பொறுக்கி எடுக்க வேண்டும். மேசையில் உட்கார்ந்து கற்பனையில் எழுதினால் ‘ஈ’ மாதிரி யாரும் தொடாத விடை ஒன்றாவது வந்துவிடும். யாருமே தொடாவிட்டால் அது நான்கு விடை வினா அல்ல, மூன்று விடை வினா.

கெட்டுப்போகிற வழிகள் தெரிந்தவைதான். சரியான விடை மட்டும் மற்றவற்றைவிட நீளமாக இருக்கும். ‘மேற்கண்ட அனைத்தும்’ என்று ஒன்று இருந்தால் இரண்டு சரி என்று கண்ட உடனே அதைக் குறித்துவிடலாம். இருபது வினாவில் கண்ணை மூடிக் குறித்தாலும் சராசரியாக ஐந்து வந்துவிடும் என்பது இதன் பிறவிக்குறை.

கூற்று – காரணம்

பார்க்க ஆழமாகத் தெரியும். கொஞ்சம் சுரண்டினால் ஏமாற்றம். வழக்கமான நான்கு விடைகள்: இரண்டும் சரி, காரணம் கூற்றை விளக்குகிறது; இரண்டும் சரி, விளக்கவில்லை; கூற்று சரி, காரணம் தவறு; கூற்று தவறு, காரணம் சரி. கூற்று தவறு என்று தெரிந்துவிட்டால் மிச்சம் ஒரே விடைதான். காரணத்தைப் படிக்கவே வேண்டாம். காரணம் தவறு என்று தெரிந்தாலும் அப்படியே. புரிதல் தேவைப்படுவது முதல் இரண்டுக்கும் இடையில் மட்டும்.

அங்கேதான் தகராறும். ‘கூற்று: 2011இல் கேரளத்தில் ஆயிரம் ஆண்களுக்கு 1,084 பெண்கள். காரணம்: ஆண்கள் வேலைக்காக வளைகுடா நாடுகளுக்குச் செல்கின்றனர்.’ இரண்டும் சரி. விளக்குகிறதா? ஓரளவு. பெண்கள் நீண்ட காலம் வாழ்வதும் காரணம்தான். விடைக்குறிப்பில் ‘விளக்குகிறது’ என்று போட்டால், யோசித்து ‘இது மட்டும் போதாது’ என்று நினைத்த பிள்ளைக்குத்தான் மார்க் பறிபோகும். சமூகத்தில் ஒரு விளைவுக்கு ஒரே காரணம் இருப்பது அபூர்வம். அதனால் இந்த வகை இயற்பியலுக்குப் பொருந்துகிற அளவு மனிதப் புவியியலுக்குப் பொருந்தாது.

பொருத்துக பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வான் தூனன், வெபர், கிறிஸ்டாலர், பர்கெஸ் ஒரு பக்கம்; பயிர் வளையம், ஆலை அமைவிடம், அறுகோணம், நகர வளையம் மறுபக்கம். மூன்று தெரிந்தால் நான்காவது இலவசம். கேட்டே ஆக வேண்டுமென்றால் வலப்பக்கம் ஆறு வைத்து இரண்டை மீதியாக விடுங்கள்.

இரண்டடுக்கு வினா

முதல் அடுக்கில் விடை, இரண்டாவது அடுக்கில் ‘ஏன் அதைத் தேர்ந்தாய்?’ என்று நான்கு காரணங்கள். இரண்டும் சரியானால்தான் மார்க். இரு அடுக்கிலும் நான்கு விடை இருந்தால் குருட்டாம்போக்கில் கிடைக்கும் வாய்ப்பு பதினாறில் ஒன்றாக இறங்கிவிடுகிறது.

இதற்குக் கச்சிதமான பாடம் வரைபட அளவை. 1:50,000, 1:10,00,000 இரண்டில் எது பெரிய அளவை வரைபடம்? ‘முதலாவது’ என்பது சரி. ஆனால் காரணமாக ‘அது அதிகப் பரப்பைக் காட்டும்’ என்று குறித்தால் அந்தச் சரி குருட்டுச் சரி. 50,000இல் ஒரு பங்கு என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கைவிடப் பெரிய பின்னம். அதனால் ஒரு சென்டிமீட்டர் வெறும் 500 மீட்டரைக் காட்டும். தெரு, குளம், கோயில் வரை தெரியும். பெரிய அளவை என்றால் சின்ன இடம் என்ற இந்த முரண் எத்தனை முறை சொன்னாலும் நழுவும். எங்கே நழுவுகிறது என்று இந்த வகை மட்டும்தான் துல்லியமாகக் காட்டும்.

குறை, தயாரிப்பு நேரம். ஒரு வினாவுக்கு அரை மணி நேரம் ஒதுக்க வேண்டும். அதனால் ஒரு அலகுக்கு மூன்றுக்கு மேல் போகத் தேவையில்லை. பெரும்பாலோர் தடுக்கி விழும் கருத்துக்கு மட்டும் போதும்.

ஐந்து மதிப்பெண் வினாவும் தரவு வினாவும்

உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும்தான். தாளில் இரண்டும் ஏறத்தாழ ஒரே இடத்தைப் பிடிக்கின்றன.

‘இடப்பெயர்வுக்கான காரணங்களை விவரி.’ இதை எழுத ஒரு நிமிடம் போதும். திருத்தத்தான் உயிர் போகும். ஒரு விடைக்கு இரண்டு நிமிடம் என்றால் நாற்பது பேருக்கு ஒரே வினாவுக்கு 80 நிமிடம். அதற்கும் மேலே, ஸ்கெட்ச் பேனாவில் உபதலைப்பு போட்டு அடிக்கோடிட்ட விடைக்கு நாலரை, அதே செய்தியைப் பத்தியாக எழுதியதற்கு மூன்று என்று கை தானாகப் போகும். கைடில் இருக்கிற உந்து காரணி (ஊரைவிட்டுத் தள்ளுவது), இழு காரணி (புது ஊருக்கு இழுப்பது) பட்டியலை அப்படியே இறக்கியவரையும் புரிந்து எழுதியவரையும் பிரிக்க வழியில்லை.

இப்போது அதே பாடத்தைத் தரவாகக் கேட்போம். மாணவர் கையில் கொடுப்பது இவ்வளவுதான்: கேரளத்தின் நகர மக்கள் 2001இல் 25.96 சதவீதம், 2011இல் 47.72 சதவீதம். கணக்கெடுப்பு நகரங்கள் 99லிருந்து 461 ஆயின. ஓர் ஊர் கணக்கெடுப்பு நகரமாக வேண்டுமானால் மக்கள்தொகை குறைந்தது 5,000, அடர்த்தி சதுர கிலோமீட்டருக்குக் குறைந்தது 400, முதன்மை ஆண் தொழிலாளர்களில் குறைந்தது 75 சதவீதம் பேர் விவசாயம் அல்லாத வேலையில் இருக்க வேண்டும்.

அ) நகர மக்களின் பங்கு எவ்வளவு கூடியது? (1)
ஆ) ‘இத்தனை பேரும் கிராமத்தை விட்டு நகரத்துக்குக் குடிபெயர்ந்தார்கள்’ என்று இந்தத் தரவை வைத்துச் சொல்ல முடியாது. ஏன்? (2)
இ) யாரும் வீட்டைவிட்டு நகராமலே ஒரு கிராமம் நகரமாவது எப்படி என்று, மூன்று நிபந்தனைகளில் ஒன்றை வைத்து விளக்கு. (2)

‘நகரமயமாதல் என்றால் கிராமத்திலிருந்து நகரத்துக்குப் போவது’ என்று மனப்பாடம் செய்தவர் (ஆ)வில் நின்றுவிடுவார். புரிந்தவர், ஊர்களின் வகைப்பாடு மாறியதைப் பிடிப்பார். விடைக்குறிப்பு புள்ளி புள்ளியாக இருக்க வேண்டும். (இ)க்கு, நிபந்தனையைச் சொன்னால் 1. வயல் வேலைக்குப் போன ஆண்கள் கடை, கட்டட வேலை, வண்டி ஓட்டுவது என்று மாறுவதை அதோடு இணைத்தால் இன்னொரு 1. கையெழுத்துக்கு இங்கே வேலையில்லை. திருத்த ஒரு தாளுக்கு ஒரு நிமிடம் போதும்.

சறுக்குகிற இடங்களும் உண்டு. (அ)வுக்குச் சிலர் 21.76 சதவீதம் என்பார்கள், சிலர் 21.76 சதவீதப் புள்ளி (இரண்டு சதவீதங்களின் கழித்தல் விடை) என்பார்கள். இரண்டையும் ஏற்பதா என்று திருத்தத் தொடங்கும் முன்பே முடிவெடுக்காவிட்டால் பத்தாவது தாளுக்கு ஒரு நீதி, முப்பதாவது தாளுக்கு ஒரு நீதி என்றாகும். (அ) தப்பினால் (ஆ)வும் (இ)யும் தப்பும்படி வினாக்களைக் கோக்கக் கூடாது. வகுப்பில் நடத்திய அதே அட்டவணையைத் தேர்வில் கொடுத்தால் தரவு வினாவும் மனப்பாட வினாவாகிவிடும். பாடத்தில் ஒரு மாநிலம், தேர்வில் வேறொரு மாநிலம். தரவுப் பகுதி பத்து வரியைத் தாண்டினால் சோதிக்கப்படுவது புவியியல் அல்ல, வாசிப்பு வேகம்.

அமெரிக்காவில் பள்ளி மாணவர்கள் எழுதும் கல்லூரி நிலைத் தேர்வான ஏபி மனிதப் புவியியல், விடையைத் தேர்ந்தெடுக்கும் வினாவையும் எழுதும் வினாவையும் மதிப்பெண்ணில் சரிபாதியாக வைத்திருக்கிறது: தேர்ந்தெடுக்கும் வினா 60க்கு 60 நிமிடம், எழுதும் வினா மூன்றுக்கு 75 நிமிடம். எழுதும் வினா ஒவ்வொன்றும் ஏழு புள்ளி. குறிப்பிடு, விவரி, விளக்கு என்று ஒவ்வொரு உட்பிரிவும் ஒரு ஏவல் வினையில் தொடங்கும். நம் தாள்களில் ‘விவரி’, ‘விளக்கு’, ‘எழுதுக’ மூன்றும் ஒரே பொருளில் புழங்குகின்றன. ‘விவரி’ என்றால் எப்படி இருக்கிறது, ‘விளக்கு’ என்றால் ஏன் அப்படி என்று ஆண்டின் முதல் வாரத்திலேயே சொல்லிவிடுவது நல்லது.

நெடுவினாவைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. பர்கெஸ் 1925இல் சொன்ன வளைய மாதிரி, ஹோய்ட் 1939இல் சொன்ன துண்ட மாதிரி (நகரம் மையத்திலிருந்து ஆப்பு வடிவில் விரியும் என்பது) இரண்டில் எது சென்னைக்கு ஓரளவாவது ஒத்துவரும் என்று வாதாடச் சொல்வதற்கு அதைவிட்டால் வேறு வடிவம் கிடையாது. ஆனால் ஒரு பருவத்துக்கு ஒன்று போதும். திருத்தும்போது ஒரு மாணவரின் தாளை முழுதும் முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகாமல், எல்லோருடைய ஒரே வினாவையும் வரிசையாகத் திருத்த வேண்டும்.

வரைபடம்

உருவரைபடத்தில் ஊரைக் குறிப்பது இடஞ்சார்ந்த நினைவாற்றல். அதுவும் வேண்டும், ஆனால் அது கருத்தைச் சோதிக்காது. பெயரே இல்லாத ஒரு கோட்டுப்படத்தில் வாய்க்கால், அதன் கரையோடு வரிசையாக வீடுகள், பின்னால் வயல் என்று கொடுத்து, இது என்ன வகைக் குடியிருப்பு, வீடுகள் ஏன் வயலுக்குள் பரவவில்லை என்று கேட்டால் மூன்று மதிப்பெண்ணுக்குச் சரக்கு இருக்கும்.

நாற்பது நிமிடம், இருபத்தைந்து மதிப்பெண்

அலகுத் தேர்வுக்கு நாங்கள் சொல்லும் கலவை: எண்ணோ படமோ வைத்த ஒரு மதிப்பெண் வினா எட்டு (8 நிமிடம்), இரண்டு மதிப்பெண் இரண்டடுக்கு வினா மூன்று (6 நிமிடம்), நான்கு மதிப்பெண் தரவு வினா இரண்டு (18 நிமிடம்), கோட்டுப்படம் ஒன்று, மூன்று மதிப்பெண் (8 நிமிடம்). கேரள வினாவில் (இ)யை ஒரு மதிப்பெண்ணுக்குச் சுருக்கினால் அது இதில் பொருந்தும்.

திருத்தி முடித்ததும் இன்னும் கால் மணி நேரம் செலவிடுங்கள். நாற்பது தாளில் மொத்த மதிப்பெண்ணில் மேலே உள்ள 11, கீழே உள்ள 11 தாள்களைப் பிரித்து, ஒவ்வொரு ஒரு மதிப்பெண் வினாவிலும் மேலே எத்தனை பேர் சரி, கீழே எத்தனை பேர் சரி என்று எண்ணி, வித்தியாசத்தை 11ஆல் வகுக்க வேண்டும். மேலே 9, கீழே 4 என்றால் 0.45; புரிந்தவரைப் பிரித்துக் காட்டுகிற நல்ல வினா, அடுத்த ஆண்டுக்கு எடுத்து வைக்கலாம். 0.2க்குக் கீழே போனால் விடைகளை மாற்றி எழுத வேண்டும். கீழே உள்ளவர்கள் மேலே உள்ளவர்களைவிட அதிகம் சரியாகப் போட்டிருந்தால், பிள்ளைகளைக் குறை சொல்லும் முன் விடைக்குறிப்பை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.