பாவநிவிர்த்தி பற்றிப் படிக்க முதலில் எந்தப் புத்தகம்?

இயேசு சிலுவையில் மரித்ததால் நம் பாவம் எப்படித் தீர்ந்தது? நிசேயா விசுவாசப் பிரமாணம் ‘நமக்காக’ அறையப்பட்டார் என்பதோடு நின்றுவிடுகிறது. அந்த ‘எப்படி’க்குப் பதில் எழுதியவர்கள் ஒருவரோடு ஒருவர் மோதிக்கொண்டே வந்திருக்கிறார்கள். எங்கள் வேதபாடக் குழுவுக்கு ஒரு புத்தகம் தேர்ந்தெடுக்க வேண்டி வந்தபோது மூன்று பெயர்கள் மிஞ்சின: இடைக்கால இறையியலாளர் ஆன்செல்ம், ஸ்வீடன் நாட்டு இறையியலாளர் குஸ்டாஃப் ஔலேன், ஆங்கிலேயப் போதகர் ஜான் ஸ்டாட். நாங்கள் ஸ்டாட்டை எடுத்தோம். நான் சாய்ந்த பக்கம் இதுதான் என்று தெரிந்துகொண்டே மேலே படியுங்கள்.

ஆன்செல்மின் ‘கூர் தேயுஸ் ஹோமோ’ (தேவன் ஏன் மனிதனானார்) 1098-இல் முடிந்தது. போசோ என்ற சீடர் கேட்க, குரு பதில் சொல்லும் உரையாடல். தேவனுக்குச் சேர வேண்டிய கனத்தைப் பாவம் பறித்துவிட்டது. ஈடுசெய்ய வேண்டியவன் மனிதன், செய்ய முடிந்தவர் தேவன் மட்டுமே. ஆகவே தேவனும் மனிதனுமான ஒருவர் வேண்டும். வாதம் கச்சிதம். ஆனால் வேதவசனங்களை எடுத்து விளக்குவதைவிட தர்க்கத்தையே நம்பிப் போகும் நூல் இது. வேதபாடக் குழுவுக்கு இதைக் கொடுத்தால் பைபிள் மூடியே கிடக்கும்.

ஔலேனின் ‘கிறிஸ்துஸ் விக்டர்’ (ஜெயங்கொண்ட கிறிஸ்து) 1930-இல் அவர் உப்சாலாவில் ஆற்றிய சொற்பொழிவுகளிலிருந்து வந்தது. சின்னப் புத்தகம், வேகமான நடை. பாவம், மரணம், பிசாசு ஆகியவற்றைக் கிறிஸ்து ஜெயித்ததே சிலுவையின் சாரம் என்றும், இரண்டாம் நூற்றாண்டுச் சபைப் பிதா இரேனியு முதல் ஆதிச் சபை அப்படித்தான் பார்த்தது என்றும் சொல்கிறார். சிலுவையில் கிறிஸ்து தீய அதிகாரங்களை வென்றார் என்று சொல்லும் கொலோசெயர் 2:15-ஐ மேலோட்டமாகத் தாண்டிப் போகிறவர்கள் இதைப் படித்தே ஆக வேண்டும். லூத்தரையும் அவர் தன் அணியில் சேர்த்துக்கொள்வதுதான் எனக்குக் கொஞ்சம் இழுத்துப் பிடித்ததாகத் தெரிகிறது. தவிர, ஜெயம் கிடைத்தது, சரி, என் குற்றம் என்ன ஆயிற்று என்று கேட்கிறவருக்கு இதில் கிடைக்கும் பதில் மெலிந்தது.

ஸ்டாட்டின் ‘தி கிராஸ் ஆஃப் கிறைஸ்ட்’ 1986-இல் வந்தது. நல்ல விளக்கம், நிறைய வசனம், ஒழுங்கான அமைப்பு எல்லாம் உண்டு. அதெல்லாம் வேறு பலரிடமும் கிடைக்கும். எங்கள் முடிவைத் தீர்மானித்தது ஒரே கேள்வி: படித்து முடித்தபின் பிதாவைப் பற்றி மனதில் என்ன படம் நிற்கும்? சிலுவையைப் பதிலாள் மரணமாக, அதாவது நம் தண்டனையை நமக்குப் பதிலாக இயேசு ஏற்றதாக, விளக்கும் பிரசங்கங்கள் பலவற்றில், கோபத்தோடு ஓங்கிய பிதாவின் கையைக் குறுக்கே விழுந்து தடுக்கும் குமாரன்தான் தெரிகிறார். கேட்கிறவர் இயேசுவை நேசிப்பார், பிதாவுக்குப் பயந்து ஒதுங்குவார். ஜெபத்தில்கூட அது தெரியும்.

ஸ்டாட் பதிலாள் என்பதை விட்டுக்கொடுக்கவே இல்லை. ஆனால் அந்தப் பதிலாள் மூன்றாம் நபர் அல்ல என்பதில் பிடிவாதமாக இருக்கிறார். தேவன் இயேசுவைத் தண்டித்தார் என்றோ, இயேசு தேவனை மனமிரங்க வைத்தார் என்றோ பிரித்துப் பேசுவதை அவர் ஏற்பதில்லை. கிறிஸ்துவுக்குள் தேவனே நம் இடத்தில் வந்து நின்றார். நியாயந்தீர்த்தவரே தீர்ப்பைச் சுமந்தார். தேவன் கிறிஸ்துவுக்குள் உலகத்தைத் தமக்கு ஒப்புரவாக்கினார் என்னும் 2 கொரிந்தியர் 5:19-ஐயும், பாவம் அறியாதவரை நமக்காகப் பாவமாக்கினார் என்னும் 21-ஐயும் சேர்த்தே படிக்க வேண்டும் என்பது அப்போது புரிகிறது. ஆறாம் அதிகாரத்தை மட்டுமாவது மெதுவாகப் படியுங்கள். அடுத்த அதிகாரத்தில் கிருபாதாரபலி (தேவகோபத்தைத் தணிக்கும் பலி), மீட்பு, நீதிமானாக்கப்படுதல், ஒப்புரவாகுதல் என்ற நான்கையும் முறையே ஆலயம், சந்தை, நீதிமன்றம், வீடு ஆகிய இடங்களில் வைத்து விளக்குகிறார். பின்னால் கிறிஸ்துவின் ஜெயத்துக்கும் ஒரு முழு அதிகாரம் உண்டு. ஔலேனைத் தனியாக வாங்காவிட்டாலும் பெரிய நஷ்டமில்லை என்று நான் நினைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

எல்லாருக்கும் இதுவே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஸ்டாட் ஆங்கிலிக்கன் சுவிசேஷகப் பின்னணியில் நின்று எழுதுகிறார். கிழக்கத்திய சபைகளின் மரபில் வளர்ந்தவர் நான்காம் நூற்றாண்டு அலெக்சாந்திரியா பிஷப் அத்தனாசியுவின் ‘வார்த்தை மாம்சமானதைக் குறித்து’ நூலிலிருந்து தொடங்குவதே இயல்பாக இருக்கலாம். அந்த மரபில் என் வாசிப்பு குறைவு. ஃப்ளெமிங் ரட்லெட்ஜின் ‘தி க்ரூசிஃபிக்ஷன்’ (2015) 600 பக்கத்துக்கு மேல் போகும். அதை அங்கங்கேதான் படித்திருக்கிறேன். சிலுவை மரணத்தின் அவமானத்தை அவர் விவரிக்கும் பகுதி ஸ்டாட்டைவிடக் கனமாக இறங்கியது. முழுதாக முடித்தால் என் வரிசை மாறினாலும் மாறலாம்.