நடை ரோபோவா, வீட்டு டேப்லெட்டா?

பக்கவாதம் வந்த அப்பாவுக்கு இரண்டையும் பார்த்துவிட்டோம். மறுவாழ்வு நிலையத்தில் இருப்பது நடை ரோபோ. இடுப்பில் வார் கட்டி மேலே தாங்கிப் பிடித்துக்கொள்ளும். கீழே டிரெட்மில் ஓட, இயந்திரக் கால்கள் அப்பாவின் கால்களை எடுத்து வைக்கும். விழும் பயம் இல்லை. ஒரே தடவையில் நூற்றுக்கணக்கான காலடிகள். கையால் பிடித்து அத்தனை நடத்தினால் பிசியோதெரபிஸ்டுக்கு முதுகு ஒடிந்துவிடும். பக்கவாதம் வந்த முதல் 3 மாதங்களில், தானாக நடக்க முடியாதவர்களுக்குத்தான் இதில் பலன் அதிகம், அதுவும் வழக்கமான பயிற்சியோடு சேரும்போது.

கையை அசைத்துப் பயிற்சி தரும் கை ரோபோ வேறு கதை. 2019இல் லான்செட் இதழில் வந்த பிரிட்டன் ஆய்வில் 770 பேர். வழக்கமான சிகிச்சையைவிடக் கையின் செயல்திறன் கூடுதலாக மேம்படவில்லை.

சரி, வீட்டில் கைப் பயிற்சி? சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் சாப்பாட்டு மேசையில் டேப்லெட், அப்பாவின் மணிக்கட்டில் சென்சார். திரையில் விழும் பழத்தைப் பிடிக்க வேண்டும். டாக்சிக் காசு மிச்சம். ஆனால் அப்பா தோளைத் தூக்கி ஏமாற்றுவார். திரைக்கு அது தெரியாது, அம்மாவுக்குத் தெரியும்: "கையை நீட்டுங்க, தோளை இல்ல!"

நடையே வராத கட்டத்தில் ரோபோவுக்குப் போங்கள். கைக்கு நான் டேப்லெட்டையே எடுப்பேன், பக்கத்தில் ஆள் இருந்தால்.