மே மாதத்துக்கு எந்தக் கடல்: காலியா, திருகோணமலையா?

இலங்கைக்கு இரண்டு முறை போய்வந்துவிட்டோம். இரண்டும் மே மாதம்தான். பிள்ளைகளுக்கு விடுமுறை அப்போதுதானே கிடைக்கிறது. முதல் முறை தெற்குக் கரை: காலி, உனவட்டுன, மிரிஸ்ஸ. இரண்டாம் முறை கிழக்குக் கரை: திருகோணமலை, நிலாவெளி. ஒரே நாடு, ஒரே மாதம். ஆனால் முதல் பயணத்தில் பிள்ளைகள் கடலில் கால் நனைத்ததோடு சரி. இரண்டாம் பயணத்தில் அவர்களைத் தண்ணீரிலிருந்து கரையேற்றுவதே பெரும்பாடாகிவிட்டது. குமரி மாவட்டத்து மார்த்தாண்டம், களியக்காவிளை, எல்லை தாண்டிய பாறசாலைப் பக்கத்துச் சொந்தக்காரர்கள் யார் கேட்டாலும் இப்போது நான் கிழக்கைத்தான் சொல்கிறேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவைத்துவிடலாம் என்று தோன்றியது.

பொதுவான விஷயங்களில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினால் ஒரு மணி நேரத்தில் கொழும்பு. பயண அனுமதியை இணையத்திலேயே முன்கூட்டி எடுத்துவிட வேண்டும். சாப்பாடு, வேன் வாடகை, தங்கும் விடுதி எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான்; தெற்கில் விடுதிகள் அதிகம் என்பதால் தேர்ந்தெடுக்க வசதி கூடுதல்.

தெற்குக்கு இருக்கும் நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து மாத்தறை வரை அதிவேக நெடுஞ்சாலை இருக்கிறது. அம்மாவையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகிறவளுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது ஆறு மணி நேரம் வேனில் உட்கார்ந்து திருகோணமலை போனபோதுதான் புரிந்தது. அப்புறம் காலிக் கோட்டை. போர்த்துக்கீசியர் தொடங்கி, டச்சுக்காரர்கள் பெரிதாக்கிய கோட்டை. 1988-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அதன் மதில்மேல் சாயங்காலம் ஒரு சுற்று நடந்தோம். குளச்சலில் 1741-ல் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்ற டச்சுப் படை இலங்கையிலிருந்து வந்ததுதான் என்று பெரியவனுக்குச் சொன்னதும், புலியூர்க்குறிச்சிக் கோட்டையில் பார்த்த டச்சுத் தளபதி டிலனாயின் கல்லறையை அவனே நினைவுபடுத்திக்கொண்டான். அந்த ஒரு மாலைக்காகவே காலி எனக்குப் பிடிக்கும். சிறுத்தை பார்க்க யாலவும், யானை பார்க்க உடவளவையும் தெற்குப் பயணத்தோடு சேர்ந்துவரும். சிங்கராஜ மழைக்காடும் பக்கம்தான். ஆனால் ரப்பர், தென்னை, செம்மண், அட்டை, ஓயாத மழை எல்லாம் பேச்சிப்பாறை, கோதையாறு பக்கத்தில் வளர்ந்த நமக்குப் புதிதில்லை. பார்க்கிற இடமெல்லாம் விளவங்கோடு தாலுகா மாதிரியே இருக்கிறது என்று அம்மா சொன்னார். அது பாராட்டா குறையா என்று நான் கேட்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த இரண்டு கரைகளில் எது என்று முடிவு செய்ய வேண்டியது காற்று. விடுதியின் படம், நீச்சல்குளம், காலை உணவு எல்லாம் அதற்கு அப்புறம்.

நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இது ஒரு வரியில் புரியும். கிழக்கே சின்னமுட்டத்தில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-ல் தொடங்கி ஜூன் 14-ல் முடிகிறது. மேற்கே குளச்சலிலும் தேங்காப்பட்டணத்திலும் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரே மாவட்டம், இரண்டு கடல், இரண்டு காலண்டர். தடை மீன் இனப்பெருக்கத்துக்காக என்றாலும், ஆனி ஆடியில் மேற்குக் கடல் எப்படி இருக்கும் என்று தேங்காப்பட்டணம் முகத்துவாரத்தில் அலை எழும்புவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இலங்கையும் அப்படித்தான். மே பாதிக்குமேல் தென்மேற்குப் பருவக்காற்று ஏறினால் கொழும்பிலிருந்து காலி, மிரிஸ்ஸ வரை உள்ள கரை முழுவதும் அதன் நேர் முகத்தில் நிற்கிறது. நம் இடவப்பாதி மழைதான் அங்கேயும். இன்னும் சொல்லப்போனால் நமக்குச் சில நாள் முன்பே அங்கு போய்ச் சேர்ந்துவிடுகிறது.

அந்தக் காற்று நடுவில் உள்ள மலைநாட்டில் ஏறுகிறது. 2,524 மீட்டர் உயரமுள்ள பிதுருதலாகலை அங்கேதான் இருக்கிறது. மழையை மேற்குச் சரிவிலேயே கொட்டிவிட்டு, காய்ந்து போய்க் கிழக்கே இறங்குகிறது. குலசேகரத்தில் குடையோடு புறப்பட்டு, ஆரல்வாய்மொழி தாண்டினால் காற்றாலை மட்டும் சுற்றிக்கொண்டிருக்குமே, அதே கதை. கிழக்குக் கரையில் அந்தக் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. அதனால் கரையோரத்து அலை அமுங்கிப் போகிறது. நிலாவெளியில் எங்கள் படகுக்காரத் தம்பி அந்தக் காற்றைக் ‘கச்சான்’ என்றார். கச்சான் என்று நம் கடற்கரையிலும் சொல்வார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் கடலின் குணம் முழுவதும் விளங்கிவிட்டது.

முதல் பயணத்தில் இதையெல்லாம் நான் யோசிக்கவே இல்லை. மே 26-ம் தேதி மிரிஸ்ஸவில் இறங்கினோம். திமிங்கிலம் பார்க்கப் படகுக்கு வீட்டிலிருந்தே பணம் கட்டியிருந்தேன். தெற்கில் திமிங்கிலப் பருவம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை என்பதைப் பணம் வாங்கியவர்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அங்கே போனால், கடல் சரியில்லை, படகு போகாது, பணமும் திரும்ப வராது என்று சொல்லிவிட்டார்கள். கரையில் சிவப்புக் கொடி. கலங்கிய காபி நிறத்தில் தண்ணீர் வந்து தென்னை மூட்டில் மோதிக்கொண்டிருந்தது. சின்னவள் நீச்சல் உடையைப் போட்டுக்கொண்டு விடுதி வராந்தாவில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தாள். “மக்களே, அந்த வெள்ளத்தில இறங்காண்டாம்” என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். அவள் அழவில்லை. அதுதான் எனக்கு அதிக வருத்தமாக இருந்தது.

இரண்டாம் முறை நிலாவெளியில் முதல் நாள் காலை ஆறு மணிக்கே கடலுக்குப் போனோம். கழுத்தளவு தண்ணீரில் நின்றாலும் கால்விரல் தெரிந்தது. ஏழு மணிக்குப் புறாத்தீவுக்குப் படகு. கரையிலிருந்து சுமார் ஒரு கிலோமீட்டர்தான். 2003 முதல் அது தேசியப் பூங்கா. பாறைகளில் கூடு கட்டும் மாடப்புறாக்களால் வந்த பெயர். முகமூடியை மாட்டிக்கொண்டு தலையைத் தண்ணீரில் வைத்ததும், செட்டை நுனியில் கறுப்பு மை தொட்டதுபோல ஒரு சிறு சுறா பாறையைச் சுற்றிக்கொண்டு போனது. முழங்கை நீளம்தான் இருக்கும். பெரியவன் என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது. பயந்துவிட்டான் என்று மேலே வந்தால், இன்னொரு முறை போகலாம் என்கிறான்.

பவளப்பாறைகள் பல இடங்களில் உடைந்து, வெளிறிக் கிடக்கின்றன. ஆட்கள் மிதித்து உடைத்தவையும் அதில் உண்டு. தயவுசெய்து காலை ஊன்றாதீர்கள். மிதவை உடுப்போடு மிதந்தபடியே பார்த்தால் போதும். வெளிநாட்டினருக்கு நுழைவுக் கட்டணம் உள்ளூர்க்காரர்களைவிடப் பல மடங்கு, படகு வாடகை தனி. நாங்கள் ஐந்து பேர் என்பதால் கை கொஞ்சம் கடித்தது. இருந்தாலும் அந்தச் செலவை நான் குறைக்கமாட்டேன்.

கிழக்கில் ஒரு ஆபத்து உண்டு, அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். காற்று கரையிலிருந்து கடலுக்குள் வீசுவதால், காற்றடைத்த வளையம், பந்து, மெத்தை எதுவும் திரும்பிக் கரைக்கு வராது. சின்னவளின் வளையம் அவள் கையிலிருந்து நழுவி, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தென்னை உயரத் தூரம் போய்விட்டது. அவள் அதில் இல்லை என்பது எங்கள் அதிர்ஷ்டம். அதற்கப்புறம் வளையத்தைப் பையில் வைத்துப் பூட்டிவிட்டோம். கடல் அமைதியாக இருப்பதைப் பார்த்துப் பெரியவர்கள் அசந்துபோகும் இடம் இது. பிள்ளைக்கு ஒரு கை தூரத்தில் ஒருவர் நிற்க வேண்டும்.

அந்த வளையத்தை எடுத்துவந்து கொடுத்ததும் அதே படகுக்காரத் தம்பிதான். எந்த ஊர் என்று கேட்டார். குளச்சலுக்குப் பக்கம் என்றேன். “2004-ல உங்கட பக்கமும் நிறையப் பேர் போனவை என்ன அக்கா” என்றார். ஆமாம் என்றேன். அவர் வீட்டில் யார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் இருவரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

கிழக்கைச் சொல்வதற்கு இன்னொரு காரணம் அம்மா. தெற்கில் அவருக்குப் பேச ஆள் இல்லை. திருகோணமலையில் விடுதி நடத்தும் அக்காவோடு முதல் மாலையே அடுக்களையில் போய் உட்கார்ந்துவிட்டார். பிட்டு, சொதி, சம்பல். நம் மரச்சீனி அங்கே மரவள்ளி. கோணேசர் கோவிலுக்கு இரண்டு முறை போனார். சம்பந்தர் பாடிய தலம். கடலுக்கு மேல் செங்குத்தாக நிற்கும் பாறையின் உச்சியில் இருக்கிறது. கீழே எட்டிப் பார்த்தால் தலை சுற்றும். போகும் வழி பிரெட்ரிக் கோட்டைக்குள் என்பதால், புள்ளிமான்கள் மனிதர்களோடு மனிதர்களாக நடந்துகொண்டிருக்கும். ஒரு மான் அம்மாவின் பையிலிருந்த வாழைப்பழத்தைத் தோலோடு எடுத்துக்கொண்டது. கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் சூடு வேறுவேறு. அரை மணி நேரம் போதும்.

காடு விஷயத்தில் கிழக்குக்கு மே மாதம் உச்சப் பருவம் கிடையாது. மின்னேரியாக் குளத்தில் நூற்றுக்கணக்கில் யானைகள் கூடுவது, தண்ணீர் வற்றிக் குளக்கரையில் புதுப்புல் முளைக்கும் ஆகஸ்ட், செப்டம்பரில்தான். நாங்கள் பார்த்தது பதினேழு யானைகள். எங்களுக்கு அது போதுமாக இருந்தது, ஆனால் யானைக்காகவே போகிறவர்கள் மே மாதத்தில் உடவளவை போவது நல்லது. சிகிரியா வழியில் வருவதால் பயணத்தை அங்கே ஒரு இரவு முறித்துக்கொண்டோம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள்; காலை திறந்தவுடன் ஏறி, வெயிலுக்கு முன் இறங்கிவிட வேண்டும். கிழக்கின் மே வெயில் சாதாரணமில்லை. பதினொரு மணியிலிருந்து மூன்றரை வரை அறையில்தான் இருந்தோம்.

பாசிக்குடாவில் ஒரு மதியம்தான் இருந்தோம். வெகுதூரம் நடந்தாலும் இடுப்பளவுக்கு மேல் வராத கடல், சிறு பிள்ளைகளுக்கு நிலாவெளியைவிடப் பொருத்தம் என்று தோன்றியது. அங்கேயே இரண்டு நாள் தங்கியிருந்தால் இன்னும் உறுதியாகச் சொல்வேன். அறுகம்குடாவுக்கு நாங்கள் போகவில்லை. அலைச்சறுக்கு விளையாடுகிறவர்களின் இடம் அது.

இதெல்லாம் மே விடுமுறைக்கு. கிறிஸ்துமஸ் விடுமுறையில் போகிறவர்கள் அப்படியே திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள்: அப்போது வாடைக்காற்றும் மழையும் திருகோணமலையில், தெளிந்த கடலும் திமிங்கிலமும் மிரிஸ்ஸவில். அண்ணன் பிள்ளைகள் பாறசாலையில் கேரளப் பாடத்திட்டத்தில் படிக்கிறார்கள், அவர்களுக்கு ஓணத்துக்குப் பத்து நாள் விடுமுறை உண்டு. கிழக்குக் கடலும் மின்னேரியா யானைக் கூட்டமும் ஒன்றாகக் கிடைக்கும் காலம் அது. மைனியிடம் சொல்லியிருக்கிறேன். அந்தப் படகுக்காரத் தம்பியின் எண்ணையும் கொடுத்திருக்கிறேன், காலை ஏழு மணிப் படகு என்று சேர்த்துச் சொல்லி.