கடற்கரை வீட்டுக்கு யூபிவிசி சன்னல்கள்: பொருளும் வேலையும்

திருவான்மியூரில் கடற்கரைக்கு நடந்தே போகும் தொலைவில், இரண்டாம் மாடியில் இருக்கும் எங்கள் பழைய அடுக்குமாடி வீட்டின் மரச் சன்னல்கள் அனைத்தையும் யூபிவிசிக்கு, அதாவது மென்மையாக்கி சேர்க்காத கெட்டியான பிவிசி பிளாஸ்டிக்குக்கு மாற்றினோம். குளியலறைக் கதவுகளையும் மாற்றி, மேற்குப் பக்கப் பால்கனிக்குக் கண்ணாடி அடைப்பும் போட்டோம். அதன்பின் ஒரு வடகிழக்குப் பருவமழையும் ஒரு கோடையும் கடந்துவிட்டதால், இவற்றைப் பற்றி இப்போது ஓரளவு துணிந்து கருத்துச் சொல்லலாம். பொருளைப் பற்றி எனக்குப் பெரிய குறை ஏதும் இல்லை. கடைக்காரர்கள் புரொஃபைல் (சட்டம் செய்யும் குழல்) எந்த நாட்டுத் தொழில்நுட்பம் என்பதையே நீட்டி முழக்குகிறார்கள். சென்னையில் ஒரு சன்னல் நன்றாக அமைவதும் அமையாததும், அது எப்படித் திறக்கிறது, யார் அதைச் சுவரில் பொருத்தினார் என்ற இரண்டையும் பொறுத்தே இருக்கிறது.

மரத்தைக் கைவிட்டதற்குக் காரணம் எளிது. மழைக்காலத்தில் கதவுகள் ஊதிக்கொண்டு மூட மறுக்கும். கோடையில் சுருங்கி இடுக்கு விடும். ஒரு சட்டத்தின் உட்புறத்தைக் கரையான் மண்ணாக்கியிருந்தது. உப்புக் காற்றில் கீல்களும் கொக்கிகளும் துருப்பிடித்து உதிர்ந்தன. அலுமினியத்தையும் விசாரித்தோம். அது மெலிந்த சட்டத்திலேயே பெரிய கண்ணாடியைத் தாங்கும் என்பது உண்மை. ஆனால் பவுடர் கோட்டிங் (பொடியைச் சூட்டில் உருக்கிப் படியவைக்கும் பூச்சு) சரியாக இல்லாவிட்டால், கடலோரத்தில் வெள்ளைப் பொடி பூத்து அரிக்கத் தொடங்கிவிடும். பிவிசியைவிட அலுமினியம் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு வெப்பத்தைக் கடத்தும் என்பதை யூபிவிசி விற்பவர்கள் மறக்காமல் சொல்கிறார்கள். அதுவும் உண்மைதான் என்றாலும், சன்னல் வழியாக வரும் வெயிலில் பெரும்பகுதி கண்ணாடி வழியாகவே வருகிறது, சட்டத்தின் வழியாக அல்ல என்பதை அவர்கள் சொல்வதில்லை.

யூபிவிசிச் சட்டம் உள்ளே பல அறைகளாகப் பிரிந்த வெற்றுக் குழல். தனியாக நின்றால் வளையும் என்பதால், உள்ளே துத்தநாகம் பூசிய இரும்புப் பட்டையைச் செருகுகிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் அது இருக்கிறதா இல்லையா என்று தெரியாது. செலவைக் குறைக்க நினைப்பவர் முதலில் கைவைக்கும் இடமும் இதுவே. ஆகவே சன்னல் செய்யும் பட்டறைக்கே போய், வெட்டிய துண்டு ஒன்றைக் கையில் வாங்கிப் பார்ப்பது நல்லது. பொருத்திய பிறகு என்றால், ஒரு காந்தத்தைச் சட்டத்தின் மேல் நகர்த்தினாலே போதும். இன்னொன்று, வெயிலில் பிவிசி அலுமினியத்தைவிட மூன்று மடங்கு விரியும். அதனால் சுவருக்கும் சட்டத்துக்கும் இடையே சில மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, அதை நெகிழும் பொருளால் அடைக்க வேண்டும். சிமென்ட் கலவையை இறுக்கி அடைக்க வந்த கொத்தனாரை எங்கள் வீட்டில் நல்ல வேளையாகப் பட்டறைக்காரரே தடுத்துவிட்டார்.

இனி, திறக்கும் முறை. இப்போது யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது பக்கவாட்டில் தள்ளித் திறக்கும் ஸ்லைடிங்தான். இடத்தை அடைக்காது, திரைச்சீலையில் மாட்டாது, கொசுவலையைத் தனி ட்ராக்கில் ஓட்டிவிடலாம். ஆனால் இரண்டு கண்ணாடி கொண்ட ஸ்லைடிங் சன்னலில் ஒரு நேரத்தில் பாதிதான் திறக்கும். மத்திய அரசின் எரிசக்தித் திறன் செயலகம் 2018ஆம் ஆண்டு புதிய குடியிருப்புக் கட்டடங்களுக்காக வெளியிட்ட எக்கோ நிவாஸ் சம்ஹிதா என்ற எரிசக்திச் சிக்கன விதித்தொகுப்பு, வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த தட்பவெப்பப் பகுதிகளில், காற்று வரத் திறக்கும் பரப்பு தரைப்பரப்பில் 16.66 விழுக்காடாவது, அதாவது ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்கிறது. சென்னை அந்த வகையைச் சேர்ந்தது. 120 சதுர அடி அறை ஒன்றை எடுத்துக்கொண்டால் 20 சதுர அடி திறக்க வேண்டும். ஐந்தடிக்கு நான்கடிச் சன்னலின் பரப்பு சரியாக 20 சதுர அடி. அதை ஸ்லைடிங்காகப் போட்டால் கிடைப்பது பத்து, வெளிப்பக்கம் திறக்கும் கதவுகளாகப் போட்டால் ஏறத்தாழ பதினெட்டு. பிற்பகலில் கடல் காற்று வீசும் ஊரில் இருந்துகொண்டு அதில் பாதியைக் கண்ணாடி போட்டு மறிப்பதை எந்த அழகுக்காகவும் ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

எனவே படுக்கையறைகளுக்கு வெளிப்பக்கம் திறக்கும் வகையையே தேர்ந்தோம். பொதுநடையைப் பார்த்த சன்னலுக்கு மட்டும், நடப்பவர் தலையில் இடிக்கக் கூடாது என்பதால், ஸ்லைடிங். கூடத்தின் கிழக்குச் சன்னல் மிக அகலமானது. அதையும் பட்டறைக்காரர் சொன்னபடி ஸ்லைடிங்காகவே விட்டோம். திறக்கும் வகையில் சிக்கல் இல்லாமல் இல்லை. கிரில்லுக்கு வெளியே கதவும் உள்ளே கொசுவலையும் வருவதால், ஒவ்வொரு முறையும் வலைக் கதவைத் திறந்து, கம்பிகளுக்கிடையே கைவிட்டுக் கைப்பிடியைத் திருக வேண்டியிருக்கிறது. கிரில் புதிதாகச் செய்பவர்கள் கைப்பிடி வரும் இடத்தில் கை நுழையும் அளவு இடைவெளி விடச் சொல்லிவிடுங்கள்.

பொருத்தும் வேலையின் தரம் முதல் பெருமழையன்று தெரிந்தது. கிழக்குச் சன்னலின் கீழ் ட்ராக்கில் தண்ணீர் தேங்கி, வழிந்து, கூடத்துக்குள் இறங்கியது. ஸ்லைடிங் சன்னலில் சாரல் ட்ராக்குக்குள் வருவது இயல்பு. அப்படி வரும் நீர் வெளியேறுவதற்காகவே சட்டத்தின் வெளிமுகத்தில் சிறு துளைகள் வைக்கிறார்கள். எங்கள் வீட்டில் பொருத்த வந்த ஆட்கள், சட்டத்தின் ஓரத்துக்குச் சிலிக்கான் பூசும்போது அந்தத் துளைகளையும் சேர்த்து அடைத்துவிட்டிருந்தார்கள். போதாக்குறைக்கு, கீழே இருந்த கிரானைட் பலகைக்கு வெளிப்பக்கச் சரிவே இல்லை. பட்டறையிலிருந்து ஆள் வந்து சிலிக்கானை வெட்டி எடுத்துத் துளைகளைத் திறந்து தந்தார், அதற்குப் பணம் கேட்கவில்லை. கிரானைட்டைப் பெயர்த்துச் சரிவாகப் பதித்த செலவு எங்களுடையது. அதன்பின் நீர் உள்ளே வரவில்லை. கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு ட்ராக்கிலும் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி, அது வெளியே இறங்குகிறதா என்று பார்த்துவிடுவது, உத்தரவாதச் சீட்டைப் படிப்பதைவிடப் பயன் தரும்.

கண்ணாடியில் 5 மி.மீ. டஃபன்ட் (சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்து வலுவேற்றியது) போதுமானது. சாதாரணக் கண்ணாடியைவிட நான்கைந்து மடங்கு வலுவானது. உடைந்தாலும் கத்திபோல் நீளாமல் சிறு துண்டுகளாக உதிரும். மூலையில் டஃபன்ட் என்பதைக் காட்டும் அழியாத முத்திரை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இரட்டைக் கண்ணாடியைச் சாலைப் பக்கப் படுக்கையறைக்கு மட்டும் போட்டோம். பேருந்துச் சத்தம் நன்றாகவே குறைந்திருக்கிறது. ஆயினும் அந்தப் பெருமை முழுவதும் கண்ணாடிக்கு உரியதல்ல. திறக்கும் வகைச் சன்னல் நான்கு பக்கமும் ரப்பர் பட்டையில் அழுந்தி மூடுகிறது, ஸ்லைடிங்கிலோ மென்மையான இழைகள் கொண்ட மயிர்ப்பட்டை மட்டுமே இருப்பதால் எத்தனை கண்ணாடி போட்டாலும் இடுக்கு வழியாகச் சத்தம் வரும். நேர் வெயிலுக்கு இரட்டைக் கண்ணாடி தனியாக விடையாகாது. அதற்கு வெயிலைத் தடுக்கும் பூச்சுள்ள கண்ணாடி வேண்டும், அல்லது பழைய கட்டடங்களில் இருப்பதுபோல் ஆழமான சன்ஷேடு வேண்டும்.

கதவுகளைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. குளியலறைகளுக்கு மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த டபிள்யூபிசி நிலையும் கதவும் போட்டோம். அடிப்பக்கம் ஊறி உரியும் தொல்லை தீர்ந்தது. தலைவாசலின் தேக்குக் கதவை மாற்றச் சொன்ன யோசனையை ஏற்கவில்லை. முப்பதாண்டுத் தேக்குக்கு ஈடாக எந்த வெற்றுக் குழலும் வராது; மாவிலைத் தோரணத்துக்கு ஆணி அடிக்கவும் முடியாது.

பால்கனி அடைப்புதான் மிகவும் யோசிக்க வேண்டியது. இங்கிலாந்து போன்ற குளிர்நாடுகளில் வீட்டோடு ஒட்டிக் கண்ணாடி அறை கட்டுவது குளிர்காலத்தின் மெல்லிய வெயிலைப் பிடித்து வைப்பதற்காக. கண்ணாடி வெயிலை உள்ளே விடும். உள்ளே சூடான தரையும் சுவரும் விடும் வெப்பத்தை எளிதில் வெளியே விடாது. மேற்குப் பார்த்த சென்னைப் பால்கனியில் அதையே செய்தால் அறை மே மாதத்தில் இட்லிக் கொப்பரை ஆகிவிடும். எனவே நிலையான கண்ணாடியைத் தவிர்த்து, மூன்று கண்ணாடிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒதுங்கி மூன்றில் இரண்டு பங்கு திறக்கும் அமைப்பைப் போட்டு, வெளிப்பக்கம் மூங்கில் தட்டியும் தொங்கவிட்டோம். மழை நாள்களிலும் மாலைகளிலும் அது உட்கார நல்ல இடம். பிற்பகல் மூன்று மணிக்கு இன்னமும் இல்லை. வெளித்தோற்றம் மாறுவதால் குடியிருப்போர் சங்கத்தின் எழுத்து ஒப்புதலை முன்கூட்டியே வாங்க வேண்டியிருந்தது.

விலையைச் சதுர அடிக்குச் சொல்வார்கள். அதில் கொசுவலை, கைப்பிடி, பொருத்துகூலி, 18 விழுக்காடு ஜிஎஸ்டி எவையெல்லாம் அடங்கும் என்று எழுதி வாங்காமல் இரண்டு விலைப்பட்டியல்களை ஒப்பிடுவது வீண். உத்தரவாதமும் சட்டத்துக்கு ஒன்று, கீலுக்கும் சக்கரத்துக்கும் வேறொன்று என்று தனித்தனியாகவே வரும். முதலில் தேய்வது பின்னவைதான்.

கடலோரத்துக்கென்று ஒரு குறிப்பு. சட்டத்தில் ஓராண்டில் ஒரு மாற்றமும் தெரியவில்லை. ஆனால் 304 வகை எவர்சில்வர் திருகுகள் சிலவற்றில் பழுப்புப் புள்ளிகள் வந்துவிட்டன. 316 வகை உப்பை இன்னும் நன்றாகத் தாங்கும், விலையும் கூடுதல். கடலிலிருந்து தள்ளி, வேளச்சேரியிலோ போரூரிலோ இருப்பவர்கள் அந்தச் செலவைச் செய்ய வேண்டியதில்லை.