சம்பளம் வாங்குகிற பிள்ளைக்குச் சபை எதற்கு?

திருகோணமலையில் எங்கள் சபையின் அறுவடைப் பெருவிழா ஏலத்தில் இம்முறை ஒரே பூசணிக்காய் மூன்று தடவை ஏலம் போனது. எடுத்தவர்கள் அதைத் திரும்பத் திரும்பச் சபைக்கே கொடுத்தார்கள். சேர்ந்த பணம் வெளிநாட்டு ஊழியத்துக்கு என்று முடிவானதும் கேள்வி எழுந்தது: முழுநேர மிஷனெரி ஒருவரைத் தாங்குவதா, வளைகுடாவில் தாதியாக வேலை செய்துகொண்டே ஊழியத்தில் நிற்கும் எங்கள் பிள்ளையைத் தாங்குவதா? "அவளுக்குத்தான் சம்பளம் வருகிறதே தம்பி" என்றார் ஒரு பெரியவர். எனக்கு மனம் பொறுக்கவில்லை.

முதலில் பணக்கணக்கு. முழுநேர ஊழியருக்கு வாடகை, சாப்பாடு, பிள்ளைகளின் படிப்பு, மருத்துவச் செலவு எல்லாம் நம் காணிக்கையிலிருந்தே போக வேண்டும். 2022 தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர், மே மாதத்தில் 360ஐத் தொட்டது. டொலரில் அனுப்புகிற தொகை கூடாமலே சுமை கூடிப்போனது. வாடைக்காற்றில் வள்ளங்கள் கரையேறினால் எங்கள் காணிக்கைப் பையும் மெலிந்துவிடும். தனி ஒரு சபையாக இதைச் சுமக்க எங்களால் முடியாது.

ஆனால் நேரம் முழுநேர ஊழியரின் பக்கம்தான். மொழியைப் படிக்கவும், ஒரு வீட்டில் சாவகாசமாக உட்கார்ந்து பேசவும் அவருக்கு முடியும். இரவுப் பணி முடித்து வருகிற தாதிக்குத் தூக்கமே பெரும் ஆசீர்வாதம்.

கதவு திறப்பதில் நிலைமை தலைகீழ். மிஷனெரிக்கு விசா தராத நாடுகள் தாதியையும் பொறியியலாளரையும் கூப்பிட்டு எடுக்கின்றன. தொழிலோடு போவது புதிதல்ல: 1732இல் ஜெர்மனியிலிருந்த மொராவிய கிறிஸ்தவ சபை கரீபியத் தீவான செயின்ட் தோமஸுக்கு முதலில் அனுப்பிய இருவரில் ஒருவர் குயவர், மற்றவர் தச்சர். இதில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: வேலை மெய்யான வேலையாக இருக்க வேண்டும். விசாவுக்காக மட்டும் தாதியாகப் போகிறவர் நோயாளியை ஏமாற்றுகிறார். எங்கள் பிள்ளை அந்த நாட்டுச் சட்டத்தை மீறுவதில்லை. விடுமுறை நாளில் நம் நாட்டுப் பணிப்பெண்களைக் கூட்டி ஜெபிக்கிறாள். பாஸ்போர்ட் பறிபோனவளுக்குத் துணையாகத் தூதரகம்வரை நடக்கிறாள்.

மூன்றாவது வழியும் உண்டு. 1847இல் யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன் அமெரிக்க மிஷனின் ஆதரவில் மானிப்பாயில் வைத்தியம் பார்த்தார், தமிழிலேயே மேலைவைத்தியம் கற்பித்தார். தொழிலே ஊழியம், செலவு மிஷனுடையது. அருமையான ஏற்பாடுதான், அதற்குப் பெரிய மிஷன் ஒன்று பின்னால் நிற்க வேண்டும்.

பெரியவருக்கு நான் காட்டியது வேதாகமத்தின் அப்போஸ்தலன் பவுலை. கொரிந்துவில் ஆக்கில்லாவோடு கூடாரம் செய்து பிழைத்த அதே பவுல், அங்கே தன் குறைவை மக்கெதோனியாவிலிருந்து வந்த சகோதரர்கள் நிறைவாக்கினார்கள் என்று இரண்டாம் கொரிந்தியர் 11ஆம் அதிகாரத்தில் எழுதுகிறார். கையில் தொழில் இருந்தவருக்கும் சபை தேவைப்பட்டது.

எங்களைப் போன்ற சிறிய சபைக்குத் தொழிலோடு போகிறவரைத் தாங்குவதே சரி என்பது என் முடிவு. முழுநேர ஊழியரை மற்றச் சபைகளோடு பங்குபோட்டுத் தாங்கலாம். தொழிலோடு போகிறவருக்கு முதல் சம்பளம் வரும்வரை கைச்செலவுக்குக் கொடுங்கள். ஒப்பந்தம் முடிந்து களைத்துத் திரும்பும்போது சில மாதம் தாங்குங்கள். இடைப்பட்ட காலத்தில் பணத்தைவிட ஆள் தேவை.

கூட்டம் முடிந்த இரவு அவளை வட்ஸ்அப்பில் அழைத்தேன். சீருடைகூட மாற்றாமல் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். என்ன வேண்டும் என்று கேட்டேன். "மூன்று மாதமாகத் திருவிருந்து எடுக்கவில்லை அண்ணா" என்றாள். சற்றுப் பொறுத்து, "அம்மாவைக் கண் கிளினிக்குக்குக் கூட்டிப்போக யாராவது இருக்கிறார்களா?" என்றாள்.

செவ்வாய்க்கிழமை காலை ஓட்டோ சொல்லியிருக்கிறோம். கூடப் போவது அந்தப் பெரியவர்தான்.