கிணற்று மீட்டர் சொல்லாத கணக்கு: சின்ட்ரெக்ஸ் சிஜி-5 கிராவிமீட்டர்

நிலத்தடி வெந்நீரையும் நீராவியையும் கிணறுகள் வழியே எடுக்கும் புவிவெப்ப வயல்களில் ஈர்ப்பு அளப்பதுதான் என் வேலை. ஈர்ப்பை அளக்கும் இந்த சிஜி-5 கருவியை வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் தயங்காமல் வாங்கச் சொல்வேன். கிணற்றுத் தலையில் உள்ள மீட்டர் எவ்வளவு வெளியே வந்தது என்று மட்டும்தான் சொல்லும். அடியில் எவ்வளவு திரும்ப ஊறியது? அதை ஈர்ப்புதான் காட்டும். நிலத்தடியில் நிறை குறைந்தால் மேலே ஈர்ப்பும் குறையும். அதிலிருந்து நிகர இழப்பைக் கணக்கிட்டு, எடுத்த அளவில் கழித்தால் ஊறியது கிடைத்துவிடும். நியூசிலாந்தின் வைராகேயில் 1960களிலிருந்து இப்படிக் கணக்குப் பார்க்கிறார்கள்.

தேடும் மாற்றமோ மிகச் சிறியது. பத்து சதவீதம் நுண்துளை உள்ள பாறையில் நீர்மட்டம் 1 மீட்டர் இறங்கினால் ஈர்ப்பு ஏறத்தாழ 4 மைக்ரோகேல்தான் (ஈர்ப்பை அளக்கும் மிகச் சிறிய அலகு) குறையும். புவியீர்ப்பு மொத்தம் சுமார் 98 கோடி மைக்ரோகேல்! கருவியின் திரை 1 மைக்ரோகேல் வரை காட்டும். களத்தில் 5-க்குள் நின்றாலே எனக்குத் திருப்தி.

டிரைபாடில் வைத்து, திரையில் இரண்டு சாய்வு எண்களும் பூஜ்யத்தை ஒட்டும்வரை திருகுகளைத் திருப்ப வேண்டும். பிறகு கையை எடுத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். நீராவிக் குழாய்க்குப் பக்கத்தில் வைத்தால் அதிர்வில் திட்டவிலக்கம் (அளவீடுகளின் சிதறல்) எகிறுவது கண்ணெதிரே தெரியும். அந்த அளவீட்டை நான் எடுத்துக்கொள்வதே இல்லை.

உயரத்தில் 1 செ.மீ. பிசகினால் 3 மைக்ரோகேல் போச்சு. அதனால் டிரைபாட் உயரத்தை ஒவ்வொரு முறையும் அளந்து எழுதுங்கள். அதைவிட முக்கியம், நிலமே தாழ்வது. வைராகேயில் ஓரிடம் சுமார் 15 மீட்டர் இறங்கியிருக்கிறது. நிலம் தாழ்ந்தால் ஈர்ப்பு கூடும். அடியில் போன நிறையை அது மறைத்துவிடும். லெவலிங், அதாவது நில உயரத்தை அளப்பது, செய்யாமல் ஈர்ப்பு மட்டும் அளப்பது வீண்செலவு.

கருவிக்குள் ஈர்ப்பை உணர்வது ஒரு குவார்ட்ஸ் ஸ்பிரிங்; அது எதுவானாலும் மெல்ல மெல்ல நீளும். ஆகவே அடிக்கடி பேஸ் நிலையத்துக்கு (மற்ற இடங்களை ஒப்பிடும் நிலையான புள்ளி) திரும்பி அளந்து சரிபார்ப்பது கட்டாயம். வண்டியில் நிமிர்த்தியே வையுங்கள், இரவில் சார்ஜ் இறங்க விடாதீர்கள். 8 கிலோ எடை மேட்டில் முதுகைப் பதம்பார்க்கும். அடுத்து வந்த சிஜி-6 இதைவிட இலகு.

ஒன்று நினைவிருக்கட்டும்: இது இரண்டு இடங்களுக்கு இடையிலான வித்தியாசத்தைத்தான் அளக்கும். பேஸை வயலுக்கு வெளியே, உறுதியான பாறைமேல் அமையுங்கள். முடிந்தால் எஃப்ஜி5 போன்ற, ஓரிடத்தின் ஈர்ப்பை வேறிடத்தோடு ஒப்பிடாமல் நேரடியாக அளக்கும் கருவியை வரவழைத்து அந்தப் புள்ளியைச் சோதித்துக்கொள்ளுங்கள்.